தமிழ்ப் பெயரோடு இறங்கும் ரசீது: சிம்ஃபொனியின் எச்டிடிபி ஃபவுண்டேஷன் நூலகம், ஒரு மதிப்புரை

பிஎச்பி என்ற நிரல்மொழியில் தளம் எழுதுகிறவர்கள், பக்கத்துக்கு முன்னால் சர்வர் பிரவுசருக்கு அனுப்பும் குறிப்பு வரிகளான ஹெடர்களை வரி வரியாகக் கையால் அனுப்புவதை விட்டுவிட்டு எச்டிடிபி ஃபவுண்டேஷனுக்கு மாறிவிடலாம் என்பது என் முடிவு. அதன் ஐந்தாம் பதிப்பில் ஒரு பெரிய குறை இருக்கிறது. அதையும் விரிவாகவே சொல்லப்போகிறேன். தமிழில் தளம் நடத்துகிறவர்கள்தான் அதில் அதிகம் மாட்டிக்கொள்வார்கள்.

நான் மொரீஷியஸில், எபேன் சைபர் சிட்டியில் வேலை பார்க்கிறேன். பிரெஞ்சு நிறுவனங்களுக்குத் தளம் எழுதித் தருவது இங்கே பெரிய தொழில். அதனால் சிம்ஃபொனி எங்களுக்கு வீட்டில் புழங்கும் பெயர் மாதிரி ஆகிவிட்டது. 2005இல் ஃபாபியன் பொத்தான்சியே பிரான்ஸிலிருந்து வெளியிட்ட, தளம் எழுத உதவும் பிஎச்பி கட்டமைப்பு அது. நான் பேசப்போகும் நூலகம் அதன் ஒரு பகுதி. முழுச் சிம்ஃபொனியும் வேண்டாம் என்கிறவர்கள் பிஎச்பி நூலகங்களை நிறுவும் கம்போசர் கருவி வழியாக இதை மட்டும் தனியே நிறுவிக்கொள்ளலாம். எம்ஐடி உரிமம், காசு கிடையாது. லாராவெல் என்ற இன்னொரு கட்டமைப்பும், எட்டாம் பதிப்பு முதல் துருபால் என்ற தள மேலாண்மை மென்பொருளும் இதன்மேல்தான் நிற்கின்றன. ஆகவே பெயர் தெரியாமலே இதைப் பயன்படுத்துகிறவர்கள் ஏராளம்.

மாலை நேரங்களில் ரோஸ் ஹில்லில் எங்கள் வட்டாரக் கோயிலின் தளத்தைக் கவனித்துக்கொள்கிறேன். தைப்பூசக் காவடிக்குப் பெயர் பதிவு, அர்ச்சனை ரசீது, மாதாந்தர பஞ்சாங்கம், தேவார ஒலிப்பதிவுகள் எல்லாம் அதில் உண்டு. அலுவலகத் தளங்களில் இந்த நூலகம் ஒழுங்காக ஓடுகிறது, அவ்வளவுதான். அதன் அருமையும் முரண்டும் எனக்குத் தெரியவந்தது கோயில் தளத்தில்தான்.

பிஎச்பியோடு வரும் ஹெடர் ஃபங்ஷனை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஒரு வரியைக் கொடுத்தால் அனுப்பும். நடுவில் வரி முறிவைச் செருகி இன்னொரு ஹெடரைத் திணிக்கும் தாக்குதலை 5.1.2 பதிப்பிலிருந்து அதுவே தடுத்துவிடுகிறது. ஆனால் தளம் வளர வளர, எந்தக் கோப்பு எந்த ஹெடரை எப்போது போட்டது என்பது யாருக்கும் தெரியாமல் போகிறது. ஒருவர் போட்டதை இன்னொருவர் அழிக்கிறார். பக்கத்தின் ஓர் எழுத்து வெளியே போய்விட்டால் அதற்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது.

எச்டிடிபி ஃபவுண்டேஷனில் பதில் என்பது கையில் வைத்திருக்கும் ஓர் ஆப்ஜெக்ட். ஹெடர்கள் அதற்குள் ஒரு தொகுப்பாக இருக்கின்றன. சேர்க்கலாம், நீக்கலாம், எடுத்துப் பார்க்கலாம். பெயரைச் சிறிய எழுத்தில் எழுதினாலும் பெரிய எழுத்தில் எழுதினாலும் ஒன்றுதான். அனுப்பு என்று சொல்லும்வரை எதுவும் வாசலைத் தாண்டாது. அனுப்புவதற்கு முன் 'ப்ரிப்பேர்' என்ற ஒரு கட்டம் உண்டு. உள்ளடக்கம் என்ன வகை என்று சொல்லும் கன்டென்ட்-டைப் ஹெடர் இல்லாவிட்டால் எச்டிஎம்எல், யுடிஎஃப்-8 எழுத்துக்குறியாக்கம் என்று அது போட்டுக்கொடுக்கும். உரை வகையாக இருந்து எழுத்துக்குறியாக்கம் குறிப்பிடாமல் இருந்தால் அதைச் சேர்க்கும். 204 (உள்ளடக்கம் இல்லை), 304 (மாறவில்லை) போன்ற நிலை எண் உள்ள பதில்களில் உள்ளடக்கத்தையும் அதன் அளவைச் சொல்லும் ஹெடரையும் எடுத்துவிடும். உள்ளடக்கம் எந்த வடிவில் அனுப்பப்படுகிறது என்று சொல்லும் டிரான்ஸ்ஃபர்-என்கோடிங் ஹெடர் இருக்கும் இடத்தில், அளவைச் சொல்லும் கன்டென்ட்-லென்த்தை நீக்கும். இவை ஒவ்வொன்றும் சின்ன விஷயம். ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் இரவுத் தூக்கத்தைக் கெடுத்திருக்கும். சர்வர் இல்லாமலே சோதனை எழுதி, இந்தப் பதிலில் இந்த ஹெடர் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க முடிவது எனக்கு மிகப் பிடித்த வசதி.

இனி ரசீதுக்கு வருகிறேன். கோயில் செயலாளர் ஐயாவுக்கு ஒரு நியாயமான ஆசை: "தம்பி, ரசீதைப் பதிவிறக்கினால் கோப்பின் பெயரும் தமிழில் வர வேண்டும்." இந்தத் தீவின் ரூபாய் நோட்டிலேயே தமிழ் இருக்கும்போது கோயில் ரசீதின் பெயரில் இருக்கக் கூடாதா?

கோப்பின் பெயரைப் பிரவுசருக்குச் சொல்வது கன்டென்ட்-டிஸ்போசிஷன் என்ற ஹெடர். ஹெடர்கள் ஆஸ்கி என்ற அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதியை நம்பி வளர்ந்தவை. அதில் தமிழை அப்படியே எழுதினால் ஒரு பிரவுசர் புரிந்துகொள்ளும், இன்னொன்று லத்தீன் எழுத்துக் குப்பையாகக் காட்டும். 2011இல் வந்த ஆர்எஃப்சி 6266 என்ற இணையத் தர ஆவணம் இதற்கு வழி செய்தது. பெயரை இரண்டு முறை எழுத வேண்டும்: சாதாரணமாக ஆஸ்கியில் ஒரு முறை; நட்சத்திரக் குறி போட்ட 'ஃபைல்நேம்' என்று இன்னொரு முறை, அதில் யுடிஎஃப்-8 என்று சொல்லி, ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியோடு எழுதி. நட்சத்திரம் புரிந்த பிரவுசர் அதை எடுத்துக்கொள்ளும். புரியாதது பழையதை எடுத்துக்கொள்ளும்.

தமிழுக்கு இது எவ்வளவு நீளும் என்று பாருங்கள். 'கோயில்' என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஆறு குறியெண்: க, ஓகாரக் குறி, ய, இகரக் குறி, ல, புள்ளி. ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் பதினெட்டு பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியும் இரண்டு இலக்கமும் ஆகும்போது ஐம்பத்து நான்கு எழுத்து. இதைக் கையால் எழுதுகிறவர் எங்கேயாவது மேற்கோள் குறியைத் தவறவிடுவார், இடைவெளியைக் கூட்டல் குறியாக மாற்றிவிடுவார். நூலகத்தில் இதற்கென்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. பதிவிறக்கமா திறந்து காட்டுவதா என்பது, தமிழ்ப் பெயர், மாற்றுப் பெயர் என்று மூன்றைக் கொடுத்தால் சரியான வரி வந்துவிடுகிறது.

மூன்றாவதைக் கொடுக்காமல் விட்டால் நின்றுவிடும். மாற்றுப் பெயர் ஆஸ்கியில்தான் இருக்க வேண்டும் என்று பிழை காட்டும். அதில் சதவீதக் குறி இருந்தாலும் பிழை. இரண்டு பெயர்களில் எதில் சாய்கோடு இருந்தாலும் பிழை. கோயில் கணக்கில் ரசீது எண் ஆண்டும் வரிசை எண்ணும் நடுவில் சாய்கோடுமாகத்தான் எழுதப்படும். பொருளாளர்கள் தலைமுறையாக அப்படித்தான் எழுதுகிறார்கள். அந்த எண்ணைக் கோப்புப் பெயரில் வைக்க வேண்டுமானால் சாய்கோட்டைச் சிறுகோடாக மாற்றிவிட்டுத்தான் நூலகத்திடம் கொடுக்க வேண்டும். எனக்கு இந்தக் கண்டிப்பு பிடித்திருக்கிறது. சாய்கோடு உள்ள பெயர் கணினியில் அடைவுப் பாதையாகப் படிக்கப்படும். அது பாதுகாப்புச் சிக்கல்.

வட்டிலுள்ள கோப்பை நேரடியாக அனுப்பும் 'பைனரி ஃபைல் ரெஸ்பான்ஸ்' இவ்வளவு கண்டிப்பாக இல்லை. மாற்றுப் பெயர் தராவிட்டால் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடிக்கோடு போட்டு அதுவே ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். கோயில் என்பது ஆறு அடிக்கோடாகிவிடும். பெரும்பாலான பிரவுசர்களில் நட்சத்திரப் பெயரே தெரியும் என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. பழைய பதிவிறக்க மென்பொருள் வைத்திருக்கும் ஒருவருக்கு வெறும் கோடுகள் போய்ச் சேரும். அந்த ஒருவருக்காக மாற்றுப் பெயரை ரோமன் எழுத்தில் நாமே எழுதிக் கொடுப்பது நல்லது. ஒலிப்பதிவுகளுக்கும் இந்த வகைப் பதிலே ஏற்றது. கேட்கப்பட்ட பகுதியை மட்டும் 206 என்ற நிலையோடு அனுப்பும். பதிகத்தின் நடுவிலிருந்து கேட்கிறவருக்கு முழுக் கோப்பும் இறங்க வேண்டியதில்லை.

பக்கத்தின் பிரதியை வைத்துக்கொண்டு மறுபடி காட்டும் கேஷ் விஷயத்தில் இந்த நூலகத்தின் இயல்பு நிலையைப் பலர் குறை சொல்கிறார்கள். நான் அதன் பக்கம். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் 'நோ-கேஷ், பிரைவேட்' என்று அதுவே எழுதிவிடும். பத்து நிமிடம் வைத்துக்கொள்ளலாம் என்று மேக்ஸ்-ஏஜ் மட்டும் கொடுத்தாலும் பக்கத்தில் 'பிரைவேட்' என்று சேர்த்துவிடும். பொதுவில் வைக்கலாம் என்று நாமே வாய்திறந்து சொன்னால்தான் நடுவிலிருக்கும் கேஷ்களுக்கு அனுமதி. இதனால் பக்கம் மெதுவாக வருகிறதே என்கிறார்கள். காவடிப் பதிவுப் பக்கத்தில் ஒருவரின் பெயர், கைப்பேசி எண், குடும்ப விவரம் எல்லாம் இருக்கிறது. அது இன்னொருவரின் திரையில் போய் நிற்பதைவிட மெதுவாக வருவது மேல். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: நோ-கேஷ் என்றால் 'வைத்துக்கொள், ஆனால் மறுபடி காட்டுமுன் என்னைக் கேள்' என்று பொருள். வைக்கவே கூடாது என்பதற்கு நோ-ஸ்டோர். அந்தரங்க விவரம் உள்ள பக்கங்களுக்கு அதை நாமே எழுத வேண்டும். நூலகம் எழுதித் தராது.

பொதுவில் வைக்கத் தக்க பக்கங்களும் உண்டு. திருவிழா நிகழ்ச்சி நிரல், பஞ்சாங்கம். எங்கள் சர்வர் ஐரோப்பாவில் இருக்கிறது. ஒவ்வொரு கேள்வியும் கடலடிக் கேபிளில் போய் வர வேண்டும். தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் ரதம் எத்தனை மணிக்கு என்று ஒரே பக்கத்தை ஊரே திறந்து பார்க்கும்போது 304 பதிலின் மதிப்பு தெரியும். பக்கம் கடைசியாக மாறிய நேரத்தைப் பதிலில் வைத்து, மாறவில்லையா என்று நூலகத்திடம் கேட்டால், பிரவுசர் அனுப்பிய நேரத்தோடு ஒப்பிட்டு உள்ளடக்கம் இல்லாத 304ஐ அதுவே தயார் செய்கிறது. பக்கம் முழுவதையும் உருவாக்கிவிட்டு உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளக் குறியான ஹாஷை ஈடேக் என்ற ஹெடரில் வைப்பதும் ஒரு முறை. ஆனால் அது போக்குவரத்தை மட்டுமே மிச்சப்படுத்தும், சர்வர் வேலை குறையாது. தரவுத்தளத்தில் மாறிய நேரத்தை முதலிலேயே பார்த்து, மாறாவிட்டால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவதுதான் சிக்கனம்.

தளம் ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் மூன்றிலும் இருக்கிறது. ஒரே முகவரியில் வைத்து, பிரவுசர் சொல்லும் மொழிப்படி பக்கத்தைக் கொடுத்தால், எதைப் பொறுத்துப் பக்கம் மாறும் என்று கேஷ்களுக்குச் சொல்லும் வேரி என்ற ஹெடரில் 'அக்செப்ட்-லாங்குவேஜ்' என்று எழுத வேண்டும். நூலகத்தில் ஒரே வரிதான். நாங்கள் முன்பு இருந்த ஒரு ஹோஸ்டிங் நிறுவனம் தன் முன்வரிசைக் கேஷில் அந்த ஹெடரை மதிக்கவே இல்லை. பிரெஞ்சில் படிக்கிற பாட்டிக்குத் தமிழ்ப் பக்கமும், தமிழ் ஆசிரியருக்குப் பிரெஞ்சுப் பக்கமும் போயின. ஹெடரை எவ்வளவு சரியாக எழுதினாலும் நடுவில் இருப்பவர் கேட்க வேண்டும். வேரியை மதிக்கும் இடத்திலும் இன்னொரு சிக்கல் உண்டு. பிரவுசர்கள் மொழிப் பட்டியலை விதவிதமாக எழுதி அனுப்புகின்றன. ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு பிரதி என்று கேஷ் சிதறிப்போகும். மொழிக்கு ஒரு முகவரி வைப்பதே உறுதியான வழி. இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

இனிக் குறை.

எங்கள் தமிழ் மொழிபெயர்ப்புச் சொற்கள் ஒரு பிஎச்பி கோப்பில் பட்டியலாக இருந்தன. கோயில் தொண்டர் ஒருவர் தம் வீட்டுக் கணினியில் நோட்பேடில் அதைத் திறந்து, எழுத்துப் பிழைகளைத் திருத்தி, யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமித்து அனுப்பினார். அவர் செய்தது முழுக்கச் சரி. பழைய விண்டோஸ் நோட்பேட் அப்படிச் சேமிக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டைச் சேர்த்துவிடும். பைட் வரிசைக் குறி என்பார்கள். 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்துதான் அது இல்லாமல் சேமிப்பது இயல்பானது. பிஎச்பிக்கோ, தன் தொடக்கக் குறிக்கு முன்னால் இருக்கும் எதுவும் வெளியே அனுப்ப வேண்டிய உள்ளடக்கம். அந்த மூன்று பைட்டும் போய்விட்டன. அவற்றோடு ஹெடர்களுக்கான நேரமும் முடிந்துவிட்டது.

வெறும் ஹெடர் ஃபங்ஷனாக இருந்திருந்தால் பிஎச்பி உடனே எச்சரித்திருக்கும்: ஹெடர்கள் ஏற்கெனவே போய்விட்டன, இன்ன கோப்பில் முதல் வரியிலிருந்து வெளியீடு தொடங்கியது என்று இடத்தோடு சொல்லும். எங்களிடம் இருந்த ஐந்தாம் பதிப்பு எச்டிடிபி ஃபவுண்டேஷன் என்ன செய்கிறது? ஹெடர்கள் போய்விட்டனவா என்று பார்க்கிறது. போய்விட்டால் தன் ஹெடர்களை அனுப்பாமல் பேசாமல் திரும்பிவிடுகிறது. சர்வரின் பிழைப் பதிவேட்டில் ஒரு வரி இல்லை. ரசீதைத் திறந்தவர்களுக்கு பிடிஎஃப் கோப்பின் உள்ளுறுப்புகள் திரை முழுக்கக் குறிகளாகக் கொட்டின. இது பிடிஎஃப் என்று சொல்லும் கன்டென்ட்-டைப் போகவே இல்லை. வேறு பக்கத்துக்குத் திருப்பும் இடங்கள் மட்டும் வேலை செய்தன. திருப்பும் பதிலின் எச்டிஎம்எல்லுக்குள்ளும் புதுப்பிப்புக் குறி ஒன்றை நூலகம் வைத்திருப்பதால் அது தப்பியது. பாதி வேலை செய்து பாதி செய்யாத தளம், முழுதும் நின்ற தளத்தைவிடக் கண்டுபிடிக்கக் கடினம்.

இதில் எனக்கு நிஜமான வருத்தம் உண்டு. இதே நூலகம், பயனரைப் பக்கத்துக்குப் பக்கம் நினைவில் வைக்கும் அமர்வை (செஷன்) தொடங்கும்போது ஹெடர்கள் போயிருந்தால் கோப்பும் வரியும் குறிப்பிட்டுப் பிழை காட்டி நிற்கிறது. அங்கே தெரிந்த நியாயம் பதிலை அனுப்பும் இடத்திலும் இருந்திருக்க வேண்டும். ஹெடர்களைக் காப்பதற்கென்றே எழுதப்பட்ட நூலகம், அவை தொலைந்ததைச் சொல்லாமல் இருப்பது சரியில்லை.

இதைக் கூடுதலாக மறைப்பது அவுட்புட் பஃபரிங், அதாவது வெளியீட்டை உடனே அனுப்பாமல் சேர்த்துவைப்பது. பிஎச்பியோடு வரும் மாதிரி அமைப்புக் கோப்புகளில் அது 4096 பைட் என்று இருக்கும். அந்த அளவுக்குள் உள்ள வெளியீடு காத்திருப்பதால் ஹெடர்களுக்கு நேரம் கிடைத்துவிடும். அமைப்புக் கோப்பே இல்லாத சர்வரில் அது அணைந்திருக்கும். அதனால்தான் ஒருவர் கணினியில் நன்றாக ஓடிய தளம் வேறு சர்வருக்குப் போனதும் உடைகிறது. உங்கள் சோதனைக் கணினியில் அதை அணைத்துவிட்டு எழுதுங்கள்; இந்தக் கோளாறு அன்றைக்கே வெளியே வரும். மொழிபெயர்ப்புகளை பிஎச்பி கோப்பில் வைக்காமல் நிரலாக ஓடாத எக்ஸ்லிஃப் அல்லது யாமல் தரவுக் கோப்பில் வைத்தால் தொண்டர்கள் எந்த எடிட்டரில் திருத்தினாலும் ஹெடர்களுக்கு ஆபத்தில்லை. வேடிக்கை என்னவென்றால் அதே மூன்று பைட்டை நாங்களே விரும்பிச் சேர்க்கும் இடமும் ஒன்று உண்டு: நன்கொடையாளர் பட்டியலை சிஎஸ்வியாகத் தரும்போது. ஹெடரில் யுடிஎஃப்-8 என்று எழுதியிருந்தாலும் கோப்பு வட்டில் இறங்கியபின் எக்ஸலுக்கு அந்த ஹெடர் தெரியாது. தொடக்கத்தில் அந்தக் குறி இருந்தால்தான் தமிழ்ப் பெயர்கள் தமிழாகத் திறக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குக்கீகள் ஜாவாஸ்கிரிப்ட்டுக்குத் தெரியாதபடியும், வேறு தளங்களிலிருந்து வரும் கோரிக்கைகளோடு பெரும்பாலும் போகாதபடி சேம்சைட் லாக்ஸ் என்றும் இயல்பாகவே அமைகின்றன, நல்ல ஏற்பாடு. நிரல்களுக்குத் தரவு அனுப்பும் ஜேசான் வடிவப் பதிலில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் ஆறு எழுத்துள்ள குறியீடாக மாறிப் போகிறது. மூன்று பைட் போதும் இடத்தில் ஆறு. யூனிகோடை அப்படியே விடு என்ற தேர்வைச் சேர்த்துவிடுங்கள். ஜேசானின் கன்டென்ட்-டைப்பில் எழுத்துக்குறியாக்கம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஜேசான் என்றாலே யுடிஎஃப்-8தான். பக்கம் எங்கிருந்து நிரல்களை ஏற்றலாம் என்று கட்டுப்படுத்தும் கன்டென்ட்-செக்யூரிட்டி-பாலிசி, எச்டிடிபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கும் ஹெடர் ஆகியவற்றை இது தானாகச் சேர்க்காது. அவற்றை ஒரே இடத்தில், எல்லாப் பதில்களும் கடந்துபோகும் ஒரு நிகழ்வுக் கேட்பானில் நாமே எழுத வேண்டும். சிறிய தளத்துக்கு அது ஒரு மாலை வேலை.

முழுச் சிம்ஃபொனியையும் எடுத்துக்கொள்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஒரு பக்கம் அமர்வைத் தொட்டாலே, நீங்கள் பொதுவில் வைக்கலாம் என்று எழுதியிருந்தாலும் அதன் பதில் 'பிரைவேட்' ஆகிவிடும். மேலே வணக்கம் சொல்லும் ஒரு வரியில் பயனர் பெயரைக் காட்டினாலே போதும், கேஷ் போய்விடும். எங்கள் நிகழ்ச்சி நிரல் பக்கத்திலிருந்து அந்த வணக்கத்தை எடுத்துவிட்டோம்.

ஆவணங்கள் சிம்ஃபொனியின் தளத்தில் ஆங்கிலத்தில் தெளிவாக இருக்கின்றன. பிரெஞ்சில் வலைப்பதிவுகளும் உரைகளும் நிறையக் கிடைப்பது இந்தத் தீவிலும் ரெயூனியனிலும் இருக்கும் நம்மவர்களுக்குக் கூடுதல் வசதி. தமிழில் எதுவும் என் கண்ணில் படவில்லை. கோப்புப் பெயர் பற்றிய பகுதியை நான் இவ்வளவு விரித்து எழுதியது அதற்காகத்தான்.

இரண்டு மூன்று பக்கம் மட்டும் உள்ள தளத்துக்கு இது தேவையில்லை. பதிவிறக்கம், உள்நுழைவு, பல மொழி என்று எது ஒன்று சேர்ந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவுமுன் உங்கள் ஹோஸ்டிங்கில் எந்த பிஎச்பி இருக்கிறது என்று பாருங்கள். ஏழாம் பதிப்புக்கு பிஎச்பி 8.2 வேண்டும்; 6.4க்கு 8.1, 5.4 மட்டும் 7.2.5இலும் ஓடும். 5.4இலேயே இருக்க வேண்டிய நிலை என்றால், பதிலை அனுப்பும் வரிக்கு முன்னால் ஹெடர்கள் போய்விட்டனவா என்று நீங்களே ஒரு முறை கேட்டு, போயிருந்தால் கோப்பையும் வரியையும் பதிவேட்டில் எழுத ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பிஎச்பியின் ஹெடர்ஸ்-சென்ட் ஃபங்ஷன் அந்த இரண்டையும் தருகிறது.